சோற்றுப் பானைக்குள் டீசல் கூலர்

மேலே அடிக்கிறார்கள், கீழே நான் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒரே தாளத்தில் போகிறது, அவர்கள் ஒன்று வைத்தால் நான் ஒரு திருகு, அவர்கள் மூச்சு வாங்கினால் என் ஸ்பேனரும் வழுக்குகிறது, இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக்கூடாத இடத்தில்தான் எனக்கு எப்போதும் வரும், மாமியாரை அடக்கம் பண்ணும்போது சாமியார் தும்மினார் என்று சிரித்துவிட்டு மைனியிடம் கிள்ளு வாங்கினேன், இப்போது கிள்ள யாருமில்லை, மைனி என் பிள்ளையை வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறாள், இங்கே எஞ்சினும் நானும்தான். எஞ்சின் ரூம் என்று பெயர், நிமிர்ந்தால் தலை இடிக்கும் குழி. எஞ்சினுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழையக்கூடிய உடம்பு இந்த வீட்டில் என்னுடையது ஒன்றுதான். போட் கட்டிக் கிடக்கும்போது எங்கள் ஊரில் பெண்கள் ஏறலாம், தொழிலுக்குப் போகும்போதுதான் கூடாது, அதனால் ஃபில்டர் கழுவுவது, பெல்ட் மாற்றுவது, ஓஸ் கிளிப் இறுக்குவது எல்லாம் கல்யாணம் ஆனதிலிருந்து என் தலையில்; எங்கள் அப்பா லாஞ்ச் டிரைவர், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள், நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். டொப். இது கட்டையால் விழுந்தது, பெரியத்தானாகத்தான் இருக்கும், என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் ஓங்கி விட்டால் பலகை தாண்டி என் பல்லில் தெரிகிறது. என் வீட்டுக்காரர் வெறுங்கையால் அடிக்கிறார், சத்தம் ஈரத்துணி மாதிரி சப்பென்று இருக்கிறது. என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அதனால் என் புருஷனின் அடி எப்படிச் சத்தம் போடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், இனிமேல் மறக்கவும் முடியாது, கதவைத் தட்டினாலும் இதுதான் கேட்கும்.

அடி வாங்குகிறவர் ராயப்பண்ணன். எங்கள் போட்டில் டீசல் பிடித்து ஊற்றுகிற பொறுப்பு அவருடையது. முந்தாநாள் விடியலில் துறைமுக வாயில் நுழையும்போது எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது, அலை தூக்கிக்கொண்டுபோய் அலைத்தடுப்புக் கல்லில் சாத்தியது, என் சின்னக் கொழுந்தன் ஜோவின் கல்லில் காலை ஊன்றிப் போட்டைத் தள்ளப் பார்த்திருக்கிறான், இத்தனை டன் மரத்தை ஒரு காலால், கிறுக்குப் பயல், போட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் கால். போட்டை இன்னொரு போட் இழுத்துக்கொண்டுவந்து ஜெட்டிப் பாலத்தில் கட்டியது. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஃபில்டரைத் திறந்து பார்த்தால் டீசலுக்கு அடியில் தண்ணீர். டீசலில் தண்ணீர் என்றால் எங்கள் கரையில் ஒரே அர்த்தம்தான், எவனோ கேனில் டீசலை இறக்கி விற்றுவிட்டு அளவு குறையாமலிருக்கத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான், வேறு மாதிரி யாருக்கும் யோசனை போகாது, எனக்கும் போகவில்லை. ராயப்பண்ணன் முன்னே ஒரு தடவை ஒரு கேனை விற்றுக் குடித்தவர், அதை அவரே திருவிழா அன்று எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டு சொன்னவர், ஆகவே கள்ளனைத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவரை வலை இழுக்கிற வின்ச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், வின்ச்சின் உருளையில் அவருடைய வலது கையை வைத்து மேலே கயிற்றைச் சுற்றியிருக்கிறார்கள். எங்கள் வின்ச் எஞ்சினில்தான் ஓடும். எஞ்சின் ஓடினால் உருளை சுற்றும், உருளை சுற்றினால் கயிறு இறுகும், கயிற்றுக்குள் இருக்கிறது கை. "காலுக்குக் கை" என்றார் பெரியத்தான், கடையில் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார், "ஜென்சி, நீ கீழ எறங்கி ஃபில்டரக் கழுவி எஞ்சின ஓட வையி."

நானும் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால், எனக்கும் வெறிதான். ஜோவின் என் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் பந்து உதைப்பான், அது அவன் முடியைப் பிடித்துக் கடிவாளம் மாதிரி இழுக்கும், இப்போது அந்தக் காலை எங்கே போட்டிருப்பார்கள், குப்பையிலா, எரிப்பார்களா, கேட்டு வாங்கிக் கல்லறையில் வைக்கலாமா, இதையெல்லாம் யாரிடம் கேட்பது. ஏணியில் கால் வைக்கும்போது ராயப்பண்ணன் என்னைத்தான் பார்த்தார், ஒரு கண் அப்போதே மூடிப்போயிருந்தது, எனக்கு இரக்கம் வரவில்லை, மற்றக் கண்ணும் மூடட்டும் என்றுதான் வந்தது. வந்ததை வந்தபடி சொல்கிறேன். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி ஊற்றினேன், விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. சரி, கடல் தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறான் கள்ளன், குழாய்த் தண்ணீருக்கு ஜெட்டிப் பாலத்துக் கோடி வரை நடக்கச் சோம்பல் பட்டிருப்பான், என்று மனசு உடனே கதை கட்டுகிறது, கதை கட்ட மனசுக்கு எவ்வளவு ஆசை. பிறகுதான் திரும்பு ஓஸைக் கழற்றினேன், எஞ்சின் குடித்தது போக மிச்ச டீசல் சூடாகத் திரும்பி டேங்குக்குப் போகிற ஓஸ், அதிலிருந்து சொட்டியதும் தண்ணீர். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு குழந்தை எச்சில் வடிக்கிற மாதிரி நிற்காமல் ஒரு நூல். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வருகிற பக்கம் இதைவிடச் சுத்தமாக இருக்கிறது. போகும்போது டீசல், திரும்பி வரும்போது தண்ணீர் என்றால் நடுவில் எங்கேயோ கலக்கிறது, நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், டீசல் கூலர்.

கூலர் என்றால் என் முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை உருளை. உள்ளே பென்சில் பென்சிலாகச் செம்புக் குழாய்கள், அந்தக் குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓடும், குழாய்களைச் சுற்றிச் சூடான டீசல் ஓடும், ஒன்றை ஒன்று தொடாது, சூட்டை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளும். உப்பு அரித்து ஒரு குழாய் கீறிவிட்டால் போதும், கடல் டீசலுக்குள் வரும், டீசல் கடலுக்குள் போகும். போனதே, நான்தான் பார்த்தேனே, போன வாரம் புகைக்குழாய் தண்ணீர் துப்புகிற இடத்தில் கடலெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் படலம், பிள்ளையைத் தூக்கிக் காட்டி "அங்க பாரு வானவில்லு" என்று கொஞ்சினேன், அது கைதட்டியது. "அத்தான்" என்று கத்தினேன், "அத்தான், கூலர் ஒழுகுதுபோல, தண்ணி அங்க இருந்து வருது." அடி நின்றது. மேலே ஏணி இறங்குகிற ஓட்டையில் பெரியத்தானின் முகம் வந்தது, நெற்றியில் ரத்தம், அவருடையது இல்லை. "ஒழுகுதா, ஒழுகுதுபோலயா?" என்றார். "கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்." "ஜோவினுக்குக் கால் போச்சுபோல-ன்னு சொல்லுதியாளா நீ? ஃபில்டரப் போடு, எஞ்சின ஓட்டு, சட்டம் பேசாத." முகம் போய்விட்டது, டொப், விட்ட இடத்திலிருந்து. அதனால்தான் கழற்றுகிறேன். கழற்றிக் கண்ணில் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் இங்கே எதுவும் ஏறாது.

கடைசி நட்டு துருப்பிடித்திருக்கிறது, வராது என்கிறது, வா, வராது, வாடி கண்ணு, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற குரலில் கெஞ்சுகிறேன், பிறகு ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு, விரல் நடுவில் மாட்டி நகம் கிழிந்தது, கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன், நன்றாக இருந்தது. இந்தச் சுத்தியலோடு அப்படியே மேலே ஏறினால் என்ன, பெரியத்தானின் பின்மண்டை ஓட்டைப் பக்கமாகத்தான் இருக்கும், முடி கொட்டி வட்டமாக ஒரு இடம், குறி வைக்கவே வேண்டாம், தேங்காய் இப்படித்தான் இரண்டாகும், தண்ணீர் தெறிக்கும். ஐயோ என்ன நினைப்பு இது, அவர்தான் என் பிரசவத்துக்கு ஆட்டோ கிடைக்காமல் மீன் வண்டியில் வைத்து என்னைக் கொண்டுபோனவர், வழியெல்லாம் ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தவர், ஜோவினைத் தகப்பன் மாதிரி வளர்த்தவர், அந்தக் காலைப் பிறந்த நாளிலிருந்து கழுவிவிட்டவர். ஆனாலும் நினைப்பு போகவில்லை, தேங்காயும் போகவில்லை. நட்டு வந்துவிட்டது. கூலர் என் மடியில் விழுந்தது, கனம், பிறந்த பிள்ளையின் கனம்.

வாளியில் தண்ணீர் மொண்டு வைத்தேன். டீசல் போகிற வாயில் ஒன்றைக் கட்டைத் தக்கையும் கந்தையும் வைத்து அடைத்தேன், இன்னொரு வாயில் ஓஸை மாட்டி அதன் மறுமுனையை என் வாயில் வைத்துக்கொண்டேன், கூலரை முக்கினேன். குமிழ் குமிழாக வந்தது, வரத்தான் செய்யும், குடிக்கிற செம்பை முக்கினாலும் வரும், அது உள்ளே நின்ற காற்று, அது நிற்கிற வரை பொறுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். நின்றது. இப்போது ஊது. ஊதினேன். செம்புக் குழாய் வழியாக என் மூச்சு வெளியே வந்தால் கீறல் இருக்கிறது. வரவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன், காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது, டீசல் நாறும் எச்சில் தொண்டையில் இறங்கியது, ஒரு குமிழ், ஒரே ஒரு குமிழ் வரக்கூடாதா மாதாவே, வரவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கிறது, அதில் என் முகம், கரி பூசிய கன்னம் உப்பி, தவளை. அப்படியானால் கூலர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ராயப்பண்ணன்தானா. நான் அந்த ஆளுக்காகவா நகத்தைக் கிழித்துக்கொண்டேன், என்று வெறி திரும்ப ஏறுகிறது, ஏறும்போதே மேலே அவர் குரல் கேட்கிறது, "எடுத்தேன், எடுத்தேன், நாந்தான் எடுத்தேன்." இவ்வளவு நேரம் எடுக்கல எடுக்கல என்று அழுத குரல். "எத்தன கேன்லே?" என்றார் பெரியத்தான். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க எத்தனங்கீங்களோ அத்தன." சுற்றி நிற்கிற எங்கள் போட் ஆட்களில் யாரோ சிரித்தார்கள். கேட்டீர்களா, எத்தனை என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்தவனுக்குத் தெரியாதா. பல் போன வாயால் சொல்கிற சத்தம், ச-வுக்கும் த-வுக்கும் வித்தியாசம் இல்லாமல் வழிகிறது. "ஒத்துக்கிட்டான்" என்று பெரியத்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், அவர் குரலில் ஒரு நிம்மதி, அது என்னை மற்ற எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது. "கிளாட்வின், செல்ஃப அமுக்குலே."

கிளாட்வின் என் வீட்டுக்காரர். அவர் காலடி தலைக்கு மேலே வீல் ரூமுக்கு நடக்கிறது, கொஞ்சம் நொண்டுகிற நடை, உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது போல. எனக்கு யோசிக்க நேரமில்லை, கை யோசித்தது, பேட்டரி வயரை இழுத்துக் கழற்றிவிட்டது. மேலே பொத்தான் அமுங்குகிற டிக், கீழே ஒன்றுமில்லை. இன்னொரு டிக். இன்னொன்று. எனக்கு மறுபடி சிரிப்பு. ஓட்டையில் அவர் முகம் வந்தது, வேர்த்து வழிகிறது, நேற்று வரை இந்த முகம் என் கழுத்தில் தூங்கியது. "என்னளா செஞ்ச?" "பேட்டரி வயரக் கழட்டிருக்கேன்." "எதுக்கு?" "பெல்ட்டுக்குள்ள எங் கை இருக்குங்க. நீங்க அமுக்கினா எங் கை போயிரும்லா." பச்சைப் பொய், கை மடியில் இருக்கிறது, இருட்டில் அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன், அப்படியே சாம்பலாகப் போனது. "கைய எடு, கைய எடுளா மொதல்ல" என்கிறார், பொத்தானை அமுக்கின விரலை மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறார், எனக்கு அந்த விரலைப் பிடித்து முத்தமும் கொடுக்க வேண்டும் கடித்துத் துப்பவும் வேண்டும். என் கை என்றால் கை, அங்கே கட்டியிருப்பது என்னவாம், கத்திரிக்காயா. இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, சொன்னால் அண்ணன் முன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும், ரோஷம் வந்தால் ராயப்பண்ணனுக்குத்தான் விழும், இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் போட்டுவிடுகிறோம் நாங்கள். "டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருக்குங்க, எடுத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். "சீக்கிரம்" என்றார், போய்விட்டார், போகும்போது "கையப் பாத்துக்கிடு" என்றும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கிடைத்தது. என்ன செய்வது அதை வைத்து. கூலரைப் புரட்டுகிறேன், ஒன்றும் தெரியவில்லை, ஜில்லென்று ஒரு பாவமும் அறியாதது போலக் கிடக்கிறது. ஜில்லென்று. இந்த வார்த்தையில் நினைப்பு மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, ஜில்லென்று, ஜில்லென்று, வலையில் மாட்டிய நண்டு மாதிரி விட மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டு இட்லிப் பானை. அம்மா அதில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்ப்பாள், ஒழுகாது, அடுப்பில் ஏற்றிக் கொதி வந்ததும் அடியில் சுர்ரென்று ஒழுகி நெருப்பை அணைக்கும், இறக்கி வைத்தால் மறுபடி ஒழுகாது, நீதான் தண்ணீரைத் தட்டிவிட்டாய் என்று எனக்குத்தான் முதுகில் விழும். பாத்திரம் பற்றவைக்கிறவர் வந்து பார்த்துச் சொன்னார், சூட்டில் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். சூட்டில் வாய் திறக்கும். முந்தாநாள் எஞ்சின் ராவெல்லாம் ஓடிக் கொதித்தது, இன்றைக்குக் கூலர் ஆறிக் கிடக்கிறது, ஆறினதைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அது எப்படி வாயைத் திறக்கும். கொதிக்க வைக்க வேண்டும். எஞ்சினை ஓட்டினால் கொதிக்கும், எஞ்சினை ஓட்டினால் கை போகும். அடுப்பு. மேலே வீல் ரூமுக்குப் பின்னால் ஆட்கள் சோறு பொங்குகிற கேஸ் அடுப்பு இருக்கிறது. அடித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது, என்றால், ரொம்பச் சுலபம், அடித்தால் தாகம் எடுக்கும். தலையை வெளியே நீட்டினேன். "அத்தான், காத்து எறங்க நேரமாவும், எல்லாருக்கும் கடுங்காப்பி போடட்டா?" பெரியத்தான் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், நாக்கால் உதட்டைத் தடவினார். "சீனி கம்மியா" என்றார்.

சோற்றுப் பானையில் தண்ணீர் வைத்தேன், பெரிய அலுமினியப் பானை, அடியில் முந்தாநாள் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்தானைக்குள் கூலரைப் பிள்ளையை மறைக்கிற மாதிரி மறைத்து மேலே கொண்டுவந்துவிட்டேன். இங்கிருந்து வின்ச் தெரிகிறது, பார்க்கக்கூடாது என்று அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பைப் பார்த்தாலும் ஓரக்கண்ணில் தெரிகிறது, தலை தொங்கிக் கிடக்கிறது, நாடியிலிருந்து ரத்தமும் கோழையும் ஒரு கயிறாக நீண்டு அறாமல் ஆடுகிறது, ஆடுவதைப் பார்த்துத்தான் மூச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். கொதி. சீக்கிரம் கொதி. யாரோ ஒருவன், பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுதிரி பிடித்தவன், சும்மா இருக்க முடியாமல் போய் அவர் விலாவில் ஒரு உதை விட்டான், கோபம்கூட இல்லை அவன் முகத்தில், பஸ்ஸுக்கு நிற்கிறவன் கல்லை உதைப்பது மாதிரி. ராயப்பண்ணன் கத்தினார். பெரிய ஆள் கத்துகிற கத்தல் இல்லை, மெலிசாக, வாய் திறந்தபடி, பிள்ளை ராத்திரி திடுக்கிட்டு விழித்து அழுகிற அதே சுருதியில். என் மார்பு ஊறிவிட்டது. இரண்டு பக்கமும் குத்திக்கொண்டு இறங்கிப் பால் ரவிக்கையை நனைத்து வயிற்றில் வழிகிறது. இந்த உடம்புக்கு அறிவே இல்லை, யார் அழுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சுரக்கிறது, மீசை வைத்த மனுஷனுக்கு. மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வெட்கமும் அழுகையும் அடுப்பு அனலும் ஒன்றாக முகத்தில் அடிக்க, கூலரைத் தண்ணீருக்குள் இறக்கினேன். உள்ளே நின்ற காற்று குபுகுபுவென்று போனது. போகட்டும். தண்ணீர் தளதளவென்று வந்ததும் அடுப்பை அணைத்தேன், கொதிக்கிற குமிழ் அடங்கட்டும், இல்லாவிட்டால் எது என் மூச்சு எது கொதி என்று தெரியாது. அடங்கியது. ஓஸை வாயில் வைத்தேன். ஊதினேன்.

நடுவில் ஒரு குழாய். அதன் வாயிலிருந்து ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது, பிய்ந்தது, மேலே வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, மணி மணியாக, ஜெபமாலை உருவுகிற மாதிரி. ஊதுவதை நிறுத்தினேன், நின்றது. ஊதினேன், வந்தது. நிறுத்தினேன், நின்றது. தண்ணீரின் மேலே ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் விரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஏனென்றால் இவ்வளவு நேரம் இந்தக் கரையில் ஒருவனை ஒன்றுமில்லாததற்குக் கொன்றுகொண்டிருந்திருக்கிறோம், நானும் மற்றக் கண்ணும் மூடட்டும் என்று நினைத்தவள்தானே. துணியை மடித்துப் பானையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன், கை வெந்தது, விடவில்லை, நேராக வின்ச்சுக்கு நடந்து அவர்கள் காலடியில் வைத்தேன். "காப்பியா?" என்று ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன கருமம் இது?" என்றார் பெரியத்தான். "டீசல் கூலர். சூட்டுல ஓட்ட தெறக்கு. கடல் தண்ணி இதுவழியாத்தான் டீசலுக்குள்ள வந்திருக்கு, யாரும் ஊத்தல." "காத்துக் குமிழியக் காட்டி ஏமாத்தப் பாக்கியா? சூட்டுக்கு வராதா காத்து?" "அப்ப நீங்களே ஊதுங்க." ஓஸை நீட்டினேன். "ஊதினா வரும், நிறுத்தினா நிக்கும். சூட்டுக்கு வாறதுன்னா உங்க பேச்சக் கேக்குமா?" ஓஸை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். "ஊதுங்க அத்தான், ஆறிட்டா மூடிக்கிடும்." கட்டை அவர் கையில் மேலே போனது, எனக்குத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன், கண்ணை மூடவில்லை, என் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார், "யண்ணே" என்றார், அவ்வளவுதான் சொன்னார். பெரியத்தான் குந்தினார். ஓஸை வாங்கி வாயில் வைத்தார். ஊதினார்.

அவருடைய மூச்சு தண்ணீருக்குள் மணி மணியாக மேலே வந்தது. நிறுத்தினார், நின்றது. மறுபடி ஊதினார், வந்தது. நிறுத்தவில்லை, ஊதிக்கொண்டே இருந்தார், கழுத்து நரம்பு புடைக்க, கண்ணிலிருந்து தண்ணீர் பானைக்குள் சொட்டச் சொட்ட, ஊதி ஊதி அந்த ஓட்டையை அடைத்துவிடலாம் என்பதுபோல, அல்லது அதற்குள்ளிருந்து ஜோவினின் காலை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்பதுபோல, கடைசியில் நான்தான் ஓஸைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, பல்லால் கடித்து வைத்திருந்தார், முலையை விடாத பிள்ளை மாதிரி. மெழுகுதிரி பிடித்தவன் ஜெட்டிப் பாலத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்தான். "அவுத்து விடுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். இவர்தான் கட்டியவர், இவர்தான் அவிழ்க்க வேண்டும். குனிந்தார், விரலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, அடித்த வீக்கம், நனைந்த கயிறு இறுகிப்போயிருக்கிறது, முடிச்சைப் பிடிக்கிறார், வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறார், "கத்தி, ஒரு கத்தி" என்று யாரையோ கேட்கிறார், யாரும் அசையவில்லை, என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிறார். அப்போது ராயப்பண்ணன் தலையைத் தூக்கினார். திறந்திருந்த ஒரு கண்ணால் முடிச்சைப் பார்த்தார். "வெட்டாத மாப்ள, புதுக் கயிறு" என்றார், பல்லில்லாத சத்தத்தில். "எடப்பக்கம் நெகிழ்த்து. அதில்ல, அதுக்கு அடியில உள்ளது. ஆங். இப்ப இழு." இவர் இழுத்தார். சுற்றுச் சுற்றாகக் கயிறு விழுந்தது. கை உருளையிலிருந்து வழுக்கி அவர் மடியில் விழுந்தது, கத்திரிப்பூ நிறத்தில், யாருடைய கையோ போல. ராயப்பண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு விரலை விரிக்க ஆரம்பித்தார், கட்டைவிரல் வந்தது, ஆள்காட்டி விரல் வந்தது, நடுவிரல் நடுங்கிக்கொண்டு வந்தது, மோதிர விரல் வெகு நேரம் கழித்து வந்தது. சுண்டுவிரல் வரவில்லை. நாங்கள் எல்லோரும், பெரியத்தான் உட்பட, அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.